வாரயிறுதிப் பயணம்: வேலைக்குப் போகும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் ஒரு பெண், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மீண்டும் தம் இருக்கையில் உட்காரும் வரை இருப்பது 63 மணி நேரம். மூன்று இரவுகளுக்கும் எட்டு மணி நேர உறக்கத்தை ஒதுக்கினால் மிஞ்சுவது 39 மணி நேரம். அதிலும் துவைக்க வேண்டிய துணி, அடுத்த வாரத்துக்கான ஆயத்தம், வீட்டுப் பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் செலவிட வேண்டிய பொழுது ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், பயணத்துக்கென்று உண்மையில் கைக்குக் கிடைப்பது ஒரு முழுப் பகலும் மறுநாளில் பாதியும்தான். வாரயிறுதிப் பயணங்களில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்புவதால் வருபவை. ஐந்து நாள் உழைத்துக் களைத்த உடம்பையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது அவற்றை இன்னும் பெரிதாக்கிவிடுகிறது.

வரைபடச் செயலி நான்கு மணி நேரம் என்று காட்டினால், அதை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் தவறு. வீட்டுக் கதவைப் பூட்டுவது முதல் தங்குமிட அறையில் பையை இறக்கி வைப்பது வரை ஆகும் நேரமே பயண நேரம். எரிபொருள் போடுவதும், வழியில் உண்பதும், நெரிசலில் நிற்பதும் அதில் அடக்கம். ஒரு வேலை முடிய எவ்வளவு நேரமாகும் என்று கணிக்கும்போது மனிதர்கள் எல்லாம் நல்லபடி நடக்கும் நிலையை மட்டுமே மனத்தில் வைத்துக் குறைத்துக் கணிக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எடுத்துக்காட்டினார்கள். அலுவலகத் திட்டங்களில் இதை நன்றாக அறிந்த பெண்கள்கூட, சொந்தப் பயணம் என்று வரும்போது அதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் பயணத்துக்கு, கதவிலிருந்து கதவு வரை ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொலைவான இடங்களை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை இரவே வண்டியை எடுத்துவிடும் வழக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குச் சரிந்துவிடுவதாக 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. காலை ஐந்தரைக்கு எழுந்து, வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் முடித்து, இரவு எட்டு மணிக்கு வண்டியை எடுக்கும் பெண் அந்த எல்லையை இரவு பத்தரைக்கே தொட்டுவிடுகிறார். அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் நெடுஞ்சாலையின் நடுவில் இருப்பார். கண் சொக்கும்போது சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் உறக்கத்தைப் போக்கிவிடாது. இரவு நன்றாக உறங்கிவிட்டுச் சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினால், இழப்பது சில மணி நேரம் மட்டுமே. இரவே போயாக வேண்டுமென்றால் இரயிலிலோ பேருந்திலோ போகலாம், அல்லது வாரம் முழுவதும் போதிய உறக்கம் கண்ட வேறொருவர் ஓட்டட்டும்.

அடுத்த தவறு பயணத்தின் பெயரால் பெண்ணின் மேல் வந்து சேரும் இன்னொரு வேலை. குடும்பமாகப் போகும்போது, எங்கே தங்குவது, யாருக்கு எந்த மருந்து, எந்தக் குழந்தைக்கு எத்தனை மாற்றுடை, வழியில் பசித்தால் என்ன கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே தலை சுமக்கிறது. எல்லாரும் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும், அவர் மட்டும் அடுப்பு வால்வு, சன்னல் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு வருகிறார். போன இடத்திலும் அவரே எல்லாரையும் எழுப்பி, கிளப்பி, தேடி, எண்ணிச் சரிபார்க்கிறார். உலக அளவில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 விழுக்காட்டைப் பெண்களே செய்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. பயணப் பையைக் கட்டும்போது அந்தச் சுமையும் கூடவே ஏறிவிடுகிறது என்பதுதான் நடைமுறை.

இதைச் சரிசெய்ய முயல்பவர்களும் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். சின்னச் சின்ன வேலைகளை மட்டும் பிறருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவற்றை நினைவூட்டும் பொறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டால் தலையின் பாரம் குறையாது. கொடுப்பதானால் முழுப் பொறுப்பையும் கொடுக்க வேண்டும். தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்பவர், அறையைத் தேடுவது முதல் முன்பதிவு செய்வது, போய்ச் சேர்ந்து சாவி வாங்குவது வரை எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும். பள்ளி செல்லும் பிள்ளை தன் பையைத் தானே கட்டட்டும். ஒரு காலுறை குறைந்தால் குறையட்டும். பிறர் செய்வது நாம் செய்வதுபோல் அவ்வளவு கச்சிதமாக இருக்காது. அதைப் பொறுத்துக்கொள்ளாமல் பின்னாலேயே போய்த் திருத்தினால், அடுத்த முறை அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். தோழியரோடு போகும் பயணங்களிலும் எப்போதும் ஒருவரே முன்பணம் கட்டி, ஒருவரே எல்லாரிடமும் வசூலிக்கும் நிலை வரக்கூடாது. செலவை அன்றன்றைக்கே பங்கிட்டுத் தீர்த்துவிடுவது நட்புக்கும் நல்லது.

சாமான் விஷயத்தில் நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை நினைத்துக்கொள்ளலாம். வேலை நிமித்தமாகத்தான் அவர் 1889 நவம்பர் 14 அன்று கிளம்பி, உலகையே சுற்றிவிட்டு 1890 சனவரி 25 அன்று, 72 நாளில் திரும்பினார். கையோடு கொண்டுபோனது ஒரே ஒரு சிறிய பை. அந்தப் பையிலும் அவரைப் படாத பாடு படுத்தியது முகத்துக்குப் பூசும் களிம்பு ஜாடி ஒன்றுதான். அது இடத்தை அடைத்துக்கொண்டு கடைசி வரை தொல்லை கொடுத்தது. இரண்டு நாள் பயணத்துக்குக் கட்டும் பைகளிலும் 'இருக்கட்டுமே' என்று வைக்கும் ஒன்றிரண்டு பொருள்களே பாதிப் பையை நிரப்புகின்றன. இதற்கு நேர்மாறாக, விட்டுவிடக் கூடாதவை விடுபட்டுப் போகின்றன. வழக்கமாக உட்கொள்ளும் மருந்தும், மாதவிடாய்க்கு வேண்டியவையும் தேதி எதுவாக இருந்தாலும் தோள்பையிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை நெருக்கடியிலும் உறக்கக் குறைவிலும் மாதவிடாய் நாள் முன்பின்னாகப் போவது உண்டு. பயணத்துக்கென்று வாங்கிய புதுக் காலணியை அங்கே போய்த்தான் முதன்முதலில் போடுவது என்பதும் வேண்டாத வேலை. முந்தைய வாரத்தில் சில நாள் போட்டு நடந்து பார்த்தால், குதிகால் கொப்புளத்துக்கு இடமிருக்காது.

வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற அச்சத்தில் தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்யும் பழக்கம், பெண்கள் வெளியே பேசாமல் செய்யும் தவறுகளில் மிகவும் கேடு தருவது. காலையில் கிளம்பும்போது இரண்டு மிடறு, அப்புறம் போய்ச் சேரும் வரை ஒன்றும் இல்லை என்று இருப்பவர்கள் ஏராளம். பெண்ணின் சிறுநீர்த் தாரையின், அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாயின், நீளம் சுமார் 4 செ.மீ. மட்டுமே, ஆணுக்கு அது 20 செ.மீ. அளவில் இருக்கும். இந்தக் குறுகிய வழியில் நுண்ணுயிரிகள் எளிதாக மேலேறிவிடும். போதிய தண்ணீர் குடித்து, அவ்வப்போது சிறுநீர் கழிப்பதுதான் அவற்றை வெளியே அடித்துக்கொண்டு போகிறது. குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருப்பவர்களுக்குத் திங்கட்கிழமை எரிச்சலோடு விடிவதில் வியப்பில்லை. ஆகவே, நிறுத்தும் இடங்களை உணவுக்காக மட்டும் பார்க்காமல், நல்ல கழிப்பறை உள்ளதா என்பதையும் பார்த்து முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்வதில் கூச்சம் எதற்கு? தாள், சோப்பு, கைதுடைக்கும் துணி ஆகியவற்றை ஒரு சிறு உறையில் போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டால் தயக்கம் பெருமளவு குறையும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோடு காய்ச்சலோ முதுகுப் பக்கத்தில் வலியோ சேர்ந்து வந்தால், ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், இருக்கும் இடத்திலேயே அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நலமாக உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகவும் சிறியதே என்றாலும், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆனவர்களுக்கும் அது கூடுதல். தண்ணீருக்காக இறங்கும் அதே நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறலாம்.

மலைக்கும் காட்டுப் பாதைக்கும் போகிறவர்கள் தொலைவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் பயன்படுகிறது: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி 600 மீட்டர் ஏற்றமுள்ள 10 கி.மீ. பாதைக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் அது ஓய்வே எடுக்காமல் நடக்கும் பயிற்சி பெற்ற கால்களுக்கானது. வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அதை ஒன்றரை மடங்காக்கி நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே சரி. கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்து, உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர் கூடும் என்பதால், கீழே வியர்த்தாலும் ஒரு மேலாடை பையில் இருப்பது அவசியம்.

தனியாகப் போகும் பெண்கள் 'பத்திரமாக இருப்பேன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது போதாது. எந்த வழியாகப் போகிறோம், எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குள் தகவல் அனுப்புவோம், அனுப்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று நம்பகமான ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முதன்முதலில் பார்க்கும் ஊருக்கு இருட்டிய பிறகு போய்ச் சேரும்படி திட்டமிடுவதைத் தவிர்க்கலாம். படங்களை அந்த இடத்தில் இருக்கும்போதே சமூக வலைத்தளத்தில் ஏற்றினால், நாம் எங்கே இருக்கிறோம் என்பதும் நம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். சிக்னல் குறைந்த இடங்களில் கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தீர்த்துவிடுகிறது என்பதால், வரைபடத்தை முன்னமே பதிவிறக்கிக்கொண்டு, அங்கே விமானப் பயன்முறையில் வைத்திருப்பது நல்லது.

அலுவலகச் செய்திகளை 'சும்மா ஒரு பார்வை' பார்ப்பதும் சிறிய தவறில்லை. பதில் அனுப்பாவிட்டாலும், படித்த செய்தி மனத்தை அங்கேயே இழுத்து வைத்துக்கொள்ளும். வேலை நேரத்துக்கு வெளியே மனத்தளவில் வேலையிலிருந்து விலகி நிற்பவர்களுக்குச் சோர்வு குறைகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் சபீனே சொனன்டாக்கின் ஆய்வுகள் காட்டியுள்ளன. வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே, அவசரமென்றால் யாரை அணுகலாம் என்று சக ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டு, அலுவலகச் செயலிகளின் அறிவிப்புகளை அணைத்துவிடலாம்.

வாரயிறுதி வரட்டும் என்று எல்லாவற்றையும் அதற்கே சேர்த்து வைப்பது, அந்த இரண்டு நாளின் மேல் தாங்க முடியாத எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது. மிதிவண்டியில் நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றிய ஆங்கிலேயர் அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ், பின்னாளில் வீட்டுக்கு அருகிலேயே செய்யக்கூடிய சின்னஞ்சிறு சாகசங்களைப் பரப்பத் தொடங்கினார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வேலை என்றால், மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை ஒன்பது வரை 16 மணி நேரம் நம்முடையது என்பது அவர் முன்வைக்கும் பார்வை. வீட்டிலும் வேலை காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த 16 மணி நேரமும் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கித் தெரியாத தெரு வழியாக நடந்து வருவதற்கும், நிலவுள்ள இரவில் தோழியோடு ஒரு மணி நேரம் உலாவுவதற்கும் புதன்கிழமையே போதும்.

கடைசியாக, ஞாயிறு நள்ளிரவு வரை பயணத்தை இழுப்பது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், பயணம் போகவிருந்தவர்கள் போகும் முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பிறகோ, மிகவும் ஆற அமரக் கழித்தவர்களைத் தவிர ஏனையோரிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே பயண நாளை முன்கூட்டியே குறித்துவிட்டால், அதை எதிர்பார்க்கும் நாள்களின் மகிழ்ச்சியும் சேர்ந்து கிடைக்கும். திரும்புவதை ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்குள் முடித்துக்கொண்டால், குளித்து, சூடாக ஏதாவது உண்டு, வழக்கமான நேரத்துக்குப் படுத்துவிடலாம். பையை அன்றைக்கே காலி செய்து அழுக்குத் துணியைத் தனியே எடுத்துவிட்டு, மருந்து, மாதவிடாய் உறை, மின்னேற்றி, சோப்பு ஆகியவற்றில் குறைந்ததை நிரப்பி அதே பையில் வைத்துவிட்டால், அடுத்த முறை கிளம்பும்போது உடுப்பை மட்டும் எடுத்து வைத்தால் போதும்.