கூரியர் எடுக்காத பொருள்கள்: முதல்முறை பார்சல் கட்டுபவருக்கு

கூரியர் கவுண்டரில் "உள்ளே என்னங்க இருக்கு?" என்று கேட்டால், "துணிமணிதாங்க, கொஞ்சம் தின்பண்டம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். துணிக்கு நடுவில் ஒரு செண்ட் பாட்டில் இருக்கும். முறுக்கு டப்பாவை ஒட்டி ஒரு பவர் பேங்க் இருக்கும். பூஜை சாமான் கவரில் சூடம் இருக்கும். இந்த மூன்றுமே விமானத்தில் ஏற்றத் தடையோ கட்டுப்பாடோ உள்ளவை. அனுப்புகிறவர் எதையும் மறைக்க நினைத்திருக்க மாட்டார். தினமும் வீட்டில் புழங்கும் பொருளை ஆபத்தான சரக்கு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ முதல்முறை பார்சல் அனுப்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்சல்களில் ஏராளமானவை பயணிகள் விமானத்தில், இருக்கைகளுக்குக் கீழே உள்ள சரக்கு அறையில்தான் போகின்றன. நடுவானில் அங்கே புகை கிளம்பினால், எந்தப் பெட்டி என்று தேடி எடுத்து வெளியே போட முடியாது. விதிகள் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

டேப் ஒட்டி முடித்த பிறகு யோசித்துப் பயனில்லை. அனுப்ப நினைக்கும் ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்து வையுங்கள். பாட்டில், டப்பா, ஸ்ப்ரே எதுவானாலும் பின்பக்க லேபிளைப் படியுங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர், மண்டையோடு, கைமீது சொட்டும் திரவம் போன்ற படம் ஏதாவது இருந்தால் அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

உலகம் முழுவதும் அபாயச் சரக்கை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெடிபொருள், அழுத்தத்தில் அடைத்த வாயு, தீப்பற்றும் திரவம், தீப்பற்றும் திடப்பொருள், ஆக்சிஜன் கொடுத்து நெருப்பை வளர்ப்பவை, விஷமும் நோய்க்கிருமியும், கதிரியக்கம், அரிக்கும் பொருள், இவற்றில் அடங்காத இதர வகை. பட்டியலைக் கேட்டால் ஏதோ தொழிற்சாலைச் சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் கதிரியக்கத்தைத் தவிர மற்ற எட்டுக்கும் நம் வீட்டிலேயே உதாரணம் கிடைக்கும். மத்தாப்பு, பாடி ஸ்ப்ரே, நெயில் பாலிஷ், தீப்பெட்டி, ப்ளீச்சிங் பவுடர், பூச்சிமருந்து, டாய்லெட் கழுவும் ஆசிட், செல்போன் பேட்டரி என்று வரிசையாக வைத்துப் பாருங்கள்.

படி 2: பேட்டரியைத் தேடுங்கள்

இன்றைக்குப் பார்சல்கள் திரும்பி வர முக்கியக் காரணங்களில் ஒன்று லித்தியம் பேட்டரி. அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம்.

லித்தியம் பேட்டரி அடிபட்டாலோ, உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, தானாகவே சூடேறத் தொடங்கும். அந்தச் சூடு பேட்டரிக்குள் பக்கத்தில் இருக்கும் செல்லை, அதாவது மின்கலத்தை, தாக்கும், அது அடுத்ததைத் தாக்கும். விமானச் சரக்கு அறைகளில் ஹேலான் வாயுவைப் பாய்ச்சித் தீயணைக்கும் ஏற்பாடு உண்டு. அது சுடரை அடக்கும்; செல்லிலிருந்து செல்லுக்குத் தாவும் சூட்டை நிறுத்தாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூ.பி.எஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. விமானி அறைக்குள் புகை நிறைந்து கருவிகளே கண்ணுக்குத் தெரியாத நிலையில், திரும்பி வந்து இறங்க முயன்றபோது அது விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். அந்த விமானத்தில் பெருமளவு லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் சில, அபாயச் சரக்கு என்று அறிவிக்க வேண்டியவை. அப்படி அறிவிக்கப்படாமலே ஏறியிருந்தன. 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே கூடாது என்று சர்வதேச விதி வந்துவிட்டது.

பேட்டரி இரண்டு விதமாக இருக்கும். கருவிக்குள்ளேயே பொருத்தியது ஒன்று: போன், லேப்டாப், ப்ளூடூத் ஸ்பீக்கர், டிரிம்மர் போன்றவை. தனியாக இருப்பது மற்றொன்று: மாற்று பேட்டரி, பவர் பேங்க். பவர் பேங்க் ஒரு கருவிதானே என்று பலர் கேட்பார்கள். விதிப்படி அது தனி பேட்டரிதான். சர்வதேசத் தபாலில் தனி லித்தியம் பேட்டரிக்கு இடமே இல்லை.

அடுத்து அளவு. பேட்டரியின் மேல் எம்ஏஎச் (mAh) என்று ஓர் எண்ணும், வோல்ட் என்று ஓர் எண்ணும் இருக்கும். முதல் எண்ணை 1000-ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்குங்கள். வருவது வாட்-அவர், அதாவது பேட்டரி எவ்வளவு மின்சக்தியைத் தேக்கும் என்ற அளவு. 10,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் 37 வாட்-அவர். 20,000 என்றால் 74. கருவிக்குள் இருக்கும் பேட்டரி 100 வாட்-அவரைத் தாண்டினால் சாதாரணப் பார்சலாக அது போகாது. மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரியெல்லாம் இந்த எல்லைக்கு வெகு தூரம் மேலே. 100-க்குள் இருந்தாலும் கூரியர் கட்டாயம் எடுத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

போனோ லேப்டாப்போ அனுப்புவதாக இருந்தால் முழுதாக அணைத்துவிடுங்கள். பட்டன் தானாக அழுந்தாதபடி சுற்றிலும் பஞ்சோ பபிள் ஷீட்டோ வையுங்கள். உப்பிய பேட்டரி, தண்ணீரில் விழுந்த போன், "ரிப்பேருக்கு அனுப்புறேன், சூடாகுது" என்ற வகைக் கருவி ஆகியவற்றை எந்த வழியிலும் பார்சலில் போடாதீர்கள். பொம்மை, சுவர்க் கடிகாரத்தில் உள்ள சாதாரண பேட்டரியைக் கழற்றி, இரு முனைகளிலும் டேப் ஒட்டிவிட்டால் போதும்.

பவர் பேங்கை எப்படித்தான் சேர்ப்பது? ஊருக்கு வரும் பிள்ளை கைப்பையில் எடுத்துப் போகட்டும். 100 வாட்-அவர் வரை பயணியின் கைப்பையில் கொண்டுபோகலாம். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

படி 3: பாட்டில்களைப் பிரியுங்கள்

எல்லாத் திரவமும் அபாயச் சரக்கு அல்ல. ஒரு திரவத்தின் ஆவி எந்தச் சூட்டில் தீப்பற்றத் தொடங்குகிறது என்பதை வைத்தே பிரிக்கிறார்கள். 60 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ என்றால் பொதுவாக அது தீப்பற்றும் திரவம். சானிடைசரிலும் செண்டிலும் இருக்கும் எத்தனால் 17 டிகிரி அளவிலேயே பற்றும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனுக்கு உறைநிலைக்குக் கீழேயே அந்த அளவு வந்துவிடும். தின்னர், வார்னிஷ், பெயின்ட், சில வகைப் பசைகள் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் இந்த அளவு 200 டிகிரிக்கு மேல். ஆகவே அவை அபாயச் சரக்கு இல்லை. கூரியர்காரர் எண்ணெயை மறுப்பது ஒழுகிவிடும் என்ற பயத்தால். மூடியை டேப்பால் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, உடையாத டப்பாவில் அடைத்துக் காட்டினால் பல இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். நெய்க்கும் ஊறுகாய்க்கும் இதே முறை.

பாடி ஸ்ப்ரே, ஹேர் ஸ்ப்ரே, கொசு ஸ்ப்ரே டப்பாக்களில் அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கும். பெரும்பாலும் அது சமையல் வாயுக் குடும்பத்தைச் சேர்ந்தது. லைட்டரும் அப்படியே. சிறிய கேஸ் அடுப்பின் சிலிண்டரை "காலி" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பவர்கள் உண்டு. காலி சிலிண்டரிலும் வாயு மிச்சம் இருக்கும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சமையல் வாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயிலில் அபாயப் பொருள் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ரயில் பார்சலில் அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

படி 4: பூஜை சாமானையும் ஊர்ச் சாமானையும் தனியாகப் பாருங்கள்

ஆங்கிலத்தில் கிடைக்கும் பட்டியல்களை மட்டும் படித்தால் இந்தப் பகுதி நம் கண்ணில் படாது.

சூடம், அதாவது கற்பூரம், தீப்பற்றும் திடப்பொருள் வகுப்பில் பெயர் சொல்லியே இருக்கிறது, அதன் ஐ.நா. எண் (அபாயச் சரக்குக்கு உலகம் முழுவதும் பயன்படும் அடையாள எண்) 2717. ஒரு சிறு டப்பாவானாலும் விமானப் பார்சலில் போடாதீர்கள். நவராத்திரி, கார்த்திகைக்காகப் பிள்ளைகளுக்கு அனுப்பும் பூஜைப் பெட்டியில் இது கண்டிப்பாக இருக்கும் என்பதால் முதலில் அதைத் தேடி எடுங்கள். தீப்பெட்டியும் அதே வகுப்பு. கரி சேர்த்துச் செய்த கப் சாம்பிராணியையும் தவிர்ப்பது நல்லது, கரிக்குத் தானே சூடேறும் குணம் உண்டு.

பலர் நம்ப மறுக்கும் பொருள் கொப்பரை. காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம். குவித்து அடைத்து வைக்கும்போது அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மெல்லச் சூடாகிக்கொண்டே போகும். அதனால் அதைத் தானே தீப்பற்றக்கூடியவற்றின் பட்டியலில், 1363 என்ற எண்ணில் வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் செக்-இன் பெட்டியிலிருந்து கொப்பரையை எடுத்து வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

விபூதி, குங்குமம், மஞ்சள்தூள் ஆபத்தானவை அல்ல. ஆனால் பெயர் எழுதாத பாலிதீன் பையில் வெள்ளைத் தூள் இருந்தால் எக்ஸ்ரே பார்ப்பவர் பெட்டியைப் பிரிக்காமல் விடமாட்டார். கடையில் வாங்கிய, லேபிள் ஒட்டிய பாக்கெட்டாகவே வையுங்கள்.

தாத்தாவின் பழைய பாதரச பி.பி. கருவி, பாதரசத் தெர்மாமீட்டர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பாதரசம் சிந்தினால் அலுமினியத்தை அரித்துத் தின்னும். விமானத்தின் உடலில் பெரும்பகுதி அலுமினியம்தான்.

படி 5: பட்டாசு

கூரியர், தபால், ரயில், விமானம் எதிலும் கிடையாது. இணையத்தில் பட்டாசு விற்பதற்கே உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்திருக்கிறது. உறவினர் ஊரிலேயே உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்புங்கள்.

படி 6: போய்ச் சேரும் நாட்டைப் பாருங்கள்

விமானத்துக்குப் பாதுகாப்பான பொருள், இறங்கும் இடத்தில் குற்றமாகலாம். கசகசா இதற்குக் கண்கூடான உதாரணம். குருமாவுக்கு என்று 100 கிராம் வைப்போம். அது ஓபியம் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் போதைப்பொருள் தொடர்பான தடைக்குள் வருகிறது. கரம் மசாலாவை வீட்டில் அரைத்து அனுப்பினாலும் அதில் கசகசா சேர்க்காதீர்கள். துபாய்க்கு வெற்றிலையும் கூடாது. கோடீன், ட்ரமடால் உள்ள இருமல், வலி மருந்துகளுக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் முன் அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டு வைத்தால் மட்டும் போதாது.

இ-சிகரெட்டை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவிலேயே தடைசெய்துவிட்டது. நம் நாட்டிலிருந்து வெளியே போகக் கூடாதவையும் உண்டு. மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது, பழனியில் வாங்கியதானாலும் அதேதான். சந்தனக் கட்டைக்கும் கட்டுப்பாடு உண்டு. பணம், நகை, பாஸ்போர்ட் விஷயத்தில் ஒவ்வொரு கூரியருக்கும் ஒரு விதி. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 7: தரைவழியா என்று கேளுங்கள்

இந்தியாவுக்குள் அனுப்புவதானால், ஒதுக்கி வைத்த பொருளில் சிலவற்றுக்கு வழி இருக்கிறது. புக்கிங் செய்யும்போது "சர்ஃபேஸில் போகுமா?" என்று கேளுங்கள். லாரியில் மட்டுமே போகும் சேவையில் செண்ட், பேட்டரி உள்ள சாமான்களைச் சில நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. சில நாள் கூடுதலாகும். பில்லிலும் பெட்டி மேலும் சர்ஃபேஸ் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துவிட்டு நகருங்கள். ஆசிட், பட்டாசு, வாயு சிலிண்டர் ஆகியவற்றுக்கு இந்த வழியும் இல்லை.

படி 8: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

டிக்ளரேஷன் தாளில் "பரிசுப் பொருள்", "வீட்டுச் சாமான்" என்று எழுதுவதால் யாருக்கும் உதவியில்லை. "பருத்திச் சட்டை 3, அதிரசம் 1 கிலோ, ப்ளூடூத் ஸ்பீக்கர் 1 (பேட்டரி உள்ளே, 18 வாட்-அவர்)" என்று எழுதுங்கள். ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

1996 மே 11 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிய வேலுஜெட் 592 விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து, அதிலிருந்த 110 பேரும் இறந்தார்கள். காலாவதியான ஆக்சிஜன் உருவாக்கும் குப்பிகள் அதன் சரக்கு அறையில் எரிந்திருந்தன. அவை இன்னும் வேலை செய்யும் நிலையில் இருந்தவை. உடன் வந்த சீட்டில் அவற்றைக் காலி என்று குறித்திருந்தார்கள். அந்த ஒற்றைச் சொல் உண்மையாக எழுதப்பட்டிருந்தால் அந்தப் பெட்டிகள் விமானத்தில் ஏறியிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்துவதும் ஒரு வகையில் தவறான தகவல்தான். பெயின்ட் வந்த அட்டைப்பெட்டியில் புத்தகம் அடைத்தாலும், வெளியே தீச்சுடர் படம் இருந்தால் பெட்டியை நிறுத்துவார்கள். பழைய லேபிள், முத்திரை எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள்.

படி 9: கவுண்டரில்

முடிந்தால் பெட்டியைத் திறந்த நிலையிலேயே கொண்டுபோய், ஊழியர் பார்த்தபின் ஒட்டுங்கள். சந்தேகமான பொருளை அடியில் வைக்காமல் மேலாக வைத்துக் காட்டுங்கள். ரசாயனம் கலந்த பொருள் என்றால் தயாரித்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்பார்கள். எம்.எஸ்.டி.எஸ் என்று சொல்வது அதைத்தான். அது இல்லாவிட்டால் அந்தப் பொருளை வீட்டிலேயே விட்டுவிடுவது மேல்.

புக் செய்துவிட்டு வந்த பிறகு, "ஐயோ, சூடம் உள்ளே போயிடுச்சே" என்று நினைவுக்கு வந்தால், ரசீதில் உள்ள எண்ணைச் சொல்லி உடனே போன் செய்யுங்கள். வண்டி ஏறும் முன் எடுத்துவிடுவார்கள். ஏறிவிட்டிருந்தாலும் அடுத்த கிடங்கில் நிறுத்திவைக்க முடியும். திட்டுவார்களோ என்று தயங்கி ஒரு மணி நேரம் கழித்துச் சொல்வதற்குள் பெட்டி விமான நிலையத்துக்குப் போயிருக்கலாம்.