ஜலாலைனை எங்கிருந்து ஓதத் தொடங்குவது?

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். குர்ஆனுக்கு அரபியில் எழுதிய சுருக்க விளக்கமான தப்ஸீருல் ஜலாலைனை ஆசையாகக் கையில் எடுக்கிறவர்களில் பலர் இரண்டாவது சூராவான பகராவிலிருந்து வரிசையாகப் போகிறார்கள், தலாக்கும் வட்டியும் வஸிய்யத்தும் வரும் இடத்தில் மூச்சு வாங்குகிறது, அதோடு கிதாபு அலமாரிக்குப் போய்விடுகிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வாப்பாவோ அப்பாவோ ஓதிய பழைய பிரதி இருக்கும் வீடுகளுக்கும், சவூதியிலிருந்து திரும்பி வந்து இப்போதாவது ஓதலாம் என்று நினைக்கும் காக்காமார்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓத வர வேண்டும், அரபி இலக்கணமான நஹ்வு ஸர்ஃபில் அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும், மஃரிபுக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ அரை மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து ஓதிக்கொடுக்க ஒரு ஹஜ்ரத் வேண்டும். இந்த மூன்றாவதுதான் முக்கியம். வளைகுடாவில் வருஷக்கணக்காகப் பேசிய அரபி இதற்கு அவ்வளவாக உதவாது, கடையில் பேரம் பேசும் அரபி வேறு, இது வேறு.

முதலில் இதை எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எழுதியவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் ஜலாலுத்தீன் என்று பட்டம், இருவரும் கெய்ரோக்காரர்கள், இருவரும் ஷாபிஈ மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டத்தில் ஷாபிஈ வழி. மூத்தவர் ஜலாலுத்தீன் மஹல்லி, 1389-இல் பிறந்தவர், துணி வியாபாரம் செய்தவர். பிறகு கடைக்கு வேறு ஆளை வைத்துவிட்டுப் பாடம் நடத்தப் போனார், காழி (நீதிபதி) பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். நம் பக்கத்து ஆலிம்களிடம் மஹல்லி என்றால் மின்ஹாஜ் என்ற ஷாபிஈ சட்டக் கிதாபுக்கு அவர் எழுதிய ஷரஹுதான் (விளக்கவுரை) சட்டென்று நினைவுக்கு வரும், அதே மஹல்லிதான் இவர். தன் புத்தி தவற்றை ஏற்காது என்று அவரே சொல்லிக்கொள்வாராம், ஆனால் மனப்பாடம் மட்டும் வராது. ஒரு கிதாபில் சில பக்கங்களை மனப்பாடம் செய்யப் போய் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஐம்பது வயதில் ஓத உட்கார்ந்து, எதுவும் தலையில் நிற்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மஹல்லி கஹ்ஃபு சூராவிலிருந்து நாஸ் வரை எழுதினார். அப்புறம் ஃபாத்திஹாவுக்கு எழுதினார். அதோடு 1459-இல் வஃபாத்தாகிவிட்டார். பகராவிலிருந்து இஸ்ராஃ வரை முன்பாதி அப்படியே நின்றது. அதை முடித்தவர்தான் ஜலாலுத்தீன் ஸுயூத்தி. மஹல்லி மறைந்தபோது அவருக்கு 14 வயதுதான், எழுத உட்கார்ந்தபோது இருபதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஹிஜ்ரி 870 ரமளான் பிறை 1-இல் தொடங்கி ஷவ்வால் 10-இல், மூஸா நபிக்கு விதித்த தவணையான நாற்பது நாளில் முடித்தேன் என்று அவரே இஸ்ராஃ சூராவின் முடிவில் குறித்திருக்கிறார். எட்டு வயதுக்குள் குர்ஆனை மனனம் செய்த ஆள், நூற்றுக்கணக்கான கிதாபுகள் எழுதிய ஆள், கணக்கு மட்டும் வராது. ஒரு கணக்கைப் பார்த்தால் மலையைத் தூக்கப் போவது போல இருக்கிறது என்று தன்னைப் பற்றியே எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் பலரோடு சண்டை, நைல் நதியின் நடுவே இருக்கும் ரவ்ளா தீவில் ஒதுங்கி வாழ்ந்து, 1505-இல் அங்கேயே இறந்தார்.

இதைச் சொல்லக் காரணம், ஓதும் வரிசையை இதுதான் முடிவு செய்கிறது. மஹல்லியில் தொடங்குங்கள். அதிலும் கடைசியிலிருந்து: அம்ம ஜுஸ்உ, அதாவது குர்ஆனின் முப்பதாவது பாகம். சின்ன சூராக்கள், தொழுகையில் தினமும் ஓதுகிறவை, ஆயத்து மனப்பாடமாக இருப்பதால் தப்ஸீரின் சொற்களை மட்டும் கவனித்தால் போதும்.

எப்படி ஓதுவது என்பதை வல்அஸ்ரி சூராவை வைத்துக் காட்டுகிறேன். ஜலாலைனில் ஆயத்து தனியாக, விளக்கம் தனியாக இருக்காது. ஆயத்தின் சொல்லுக்கு நடுவில் விளக்கச் சொல் நுழைந்து ஒரே வாக்கியமாக ஓடும். 'வல்அஸ்ரி' என்றதும் உடனே மூன்று பொருள் வருகிறது: காலம், அல்லது உச்சி சாய்ந்ததிலிருந்து சூரியன் மறையும் வரை, அல்லது அஸர் தொழுகை. நடுவில் 'அவ்', 'அவ்' (அல்லது, அல்லது) என்று மட்டும் இருக்கும், எது சரி என்று வாதாட மாட்டார். அடுத்து 'இன்னல் இன்ஸான', உடனே 'அல்ஜின்ஸ்' என்று ஒரே ஒரு சொல். அதாவது ஒரு தனி ஆளைப் பற்றிய பேச்சு இல்லை, மனித இனம் முழுவதும். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், அடுத்த ஆயத்தில் 'ஈமான் கொண்டவர்களைத் தவிர' என்று பன்மையில் விலக்கு வருவது எப்படி என்ற கேள்வி நிற்கும். சொல் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் யாரோ கேட்கப்போகும் கேள்விக்குப் பதில், அந்தக் கேள்வி என்ன என்று கண்டுபிடிப்பதுதான் ஜலாலைன் ஓதுவது. 'லஃபீ குஸ்ர்', நஷ்டத்தில் இருக்கிறான். எதில் நஷ்டம்? 'ஃபீ திஜாரத்திஹி', அவனுடைய வியாபாரத்தில் என்று சேர்க்கிறார் மஹல்லி. துணிக்கடை வைத்திருந்தவர் எழுதியது! இது மறுமைக்கான வியாபாரம் என்று ஹஜ்ரத் சொல்லுவார், சரி, ஆனாலும் கீழக்கரைக்காரனுக்கு அந்தச் சொல் தைப்பது போல வேறெங்கும் தைக்குமா தெரியவில்லை.

பதிப்பு வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். நடுவில் முஸ்ஹஃப் (குர்ஆன் மூலம்), ஓரத்தில் பொடி எழுத்தில் தப்ஸீர் என்று அழகாக வருபவை குர்ஆனை மட்டும் ஓதும் திலாவத்துக்கு நல்லவை, படிக்க ஆகாது, ஏனென்றால் இரண்டு சொல்லும் எங்கே பின்னுகின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. ஆயத்து அடைப்புக்குறியிலோ வேறு நிறத்திலோ வந்து விளக்கத்தோடு சேர்ந்தே ஓடும் பதிப்பை வாங்குங்கள். பென்சிலால் ஓரத்தில் அர்த்தம் எழுதிக்கொள்ளுங்கள், அரபி எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் தெரிந்தால் அதிலேயே எழுதலாம், அதில் கிதாபு எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இருந்த கீழக்கரையில் அந்த எழுத்து இதற்குக்கூடப் பயன்படாவிட்டால் எப்படி? கடல் காற்றில் தாள் ஊறி ஒட்டிக்கொள்ளும், மாடி அறையில் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.

இந்தக் கிதாபைத் தொட ஒளு வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு யமன் நாட்டு ஆலிம் குர்ஆனின் எழுத்துகளையும் இந்தத் தப்ஸீரின் எழுத்துகளையும் எண்ணிப் பார்த்தாராம்: முஸ்ஸம்மில் சூரா வரை இரண்டும் சமம், அடுத்த முத்தஸ்ஸிரிலிருந்து தப்ஸீர் கூடுகிறது, ஆகவே மொத்தத்தில் தப்ஸீரின் எழுத்தே அதிகம், ஒளு இல்லாமல் சுமக்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் துருக்கியின் நூற்பட்டியல் அறிஞர் ஹாஜி கலீஃபா இதைப் பதிந்து வைத்திருக்கிறார். எண்ணியவரின் பொறுமைக்கு ஒரு சலாம். நீங்கள் ஒளுவோடு உட்கார்ந்துவிடுங்கள், கணக்கே வேண்டாம்.

அம்ம ஜுஸ்உ முடிந்ததும் கஹ்ஃபு. வெள்ளிக்கிழமை தோறும் ஓதும் சூரா என்பதால் நாக்குக்குப் பழக்கம் இருக்கும், மஹல்லியும் பேனாவை எடுத்த இடம் அதுதான். அங்கிருந்து நேராக முன்னோக்கிப் போங்கள். ஸாத் சூராவில் தாவூத் நபியின் கதை வரும்போது மட்டும் தனியாக ஓதாதீர்கள், பழைய யூதக் கதைகளின் சாயல் உள்ள இடம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டித்திருக்கிறார்கள். ஹஜ்ரத்திடம் ஜலாலைனுக்கு ஜமல் அல்லது ஸாவி எழுதிய ஹாஷியா (விளக்கக் குறிப்பு) இருந்தால் அந்த இடத்தில் திறக்கச் சொல்லுங்கள். ஆனால் எல்லா வரிக்கும் ஹாஷியாவைத் திறந்தால் வருஷம் போனாலும் ஒரு ஜுஸ்உ முடியாது.

ஃபாத்திஹாவைப் பல பதிப்புகளில் நாஸுக்குப் பிறகு, கடைசியில் காண்பீர்கள். அச்சுப்பிழை இல்லை, அது மஹல்லி எழுதியது, அதனால் அவருடைய பகுதியோடு வைத்திருக்கிறார்கள். அதையும் ஓதிவிட்டு ஸுயூத்திக்கு, பகராவுக்கு வாருங்கள். அதற்குள் நடை பழகியிருக்கும், ஸுயூத்தி மஹல்லியின் நடையிலேயே எழுதியதால் மாற்றம் தெரியாது. மாயிதாவில் ஒளு ஆயத்து வரும்போது நிதானியுங்கள்: தலையில் சில முடியைத் தடவினாலே போதும், இது ஷாபிஈயின் கருத்து என்று ஸுயூத்தி அங்கேயே சொல்லிவிடுவார். ஹனஃபி வீட்டில் பெண் எடுத்தவர்கள் மச்சானோடு இதை வைத்து வம்பு வளர்க்க வேண்டாம்.

மஹல்லியிலிருந்து நான் விலகிய இடங்கள் பத்துகூட இருக்காது என்று ஸுயூத்தி சொல்கிறார். ரூஹு, அதாவது உயிர், என்பது நுண்ணிய உடல் என்று மஹல்லி ஸாத் சூராவில் எழுதியிருப்பார். இஸ்ராஃவில் ஸுயூத்தி, அதன் அறிவு அல்லாஹ்விடம் என்று விட்டுவிடுவார். இரண்டு பக்கத்திலும் பென்சிலால் குறி போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த பாடத்தில் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், அன்றைக்கு அரை மணி நேரம் போதாது.