விருந்துக்கு முன் ஆளுக்கொரு போன்

அமெரிக்காவில் நவம்பரில் வான்கோழி விருந்தோடு கொண்டாடும் நன்றி நவிலும் நாளுக்குக் கடற்படைப் பயிற்சி வீரர்களை வீட்டுக்கு அழைக்கிறீர்களா? ஆளுக்கொரு போனை முழுதாகச் சார்ஜ் செய்து, கதவு மூடக்கூடிய அறையில் தயாராக வையுங்கள். வந்ததும் முதலில் வீட்டோடு பேசட்டும், வான்கோழி காத்திருக்கும்.

அமெரிக்கக் கடற்படையில் சேரும் படைவீரர்களுக்கான அடிப்படைப் பயிற்சி சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கிரேட் லேக்ஸ் தளத்தில் நடக்கிறது. அங்கே அவர்கள் கையில் போன் இருக்காது; வீட்டுக்குப் பேசும் வாய்ப்பு மிக அரிது. உங்கள் வீட்டில் கிடைப்பதோ சில மணி நேரம்தான். ஒரே போனுக்கு இருவர் காத்திருந்தால் அதில் பாதி வீணாகும். வீடியோ அழைப்புக்கான செயலியையும் முன்பே நிறுவிவிடுங்கள், கடவுச்சொல் தேடும் வேலை மிச்சம். பேசி முடித்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வீரரின் வீடு கலிபோர்னியாவில் என்றால் அங்கே சிகாகோவைவிட 2 மணி நேரம் பின்தங்கிய பொழுது. காலையிலேயே அழைத்தால் குடும்பம் உறக்கத்தில் இருக்கலாம். அத்தகைய வீரர்களுக்கு மட்டும் சாப்பாடு முதலில். பயிற்சி முடித்துப் பணியில் இருக்கும் வீரர்களிடம் சொந்த போன் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு தேவைப்படாது. யாரையும் அழைக்க விரும்பாதவரிடம் காரணம் கேட்காதீர்கள், தயவுசெய்து.