பைபர் வள்ளத்தின் பின்பலகைக் கசிவு: தண்ணி போன வழி வேறு

திருக்கடலூர்க் கரையில் வள்ளத்தை ஏற்றி வைத்த பிறகும், எஞ்சின் பூட்டும் பின்பலகையில், போல்ட்டடியில் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணி வடிந்தது. போல்ட்டைச் சுற்றிச் சிலிக்கன், வெளியே ஜெல்கோட் பூச்சு. நாலு நாள் வீண். தண்ணி நுழைந்தது கீழே, வள்ளத்துத் தண்ணியை வடிக்கும் தக்கைத் துளையால். அதில் செருகிய பித்தளைக் குழாயைக் கழற்றினால், பைபருக்குள் இருக்கும் பிளைவூட்டின் வெறும் விளிம்பு, தண்ணி புகாமல் காக்கும் ரெசினே படவில்லை!

ஈரத்தோடு அடைத்தால் பலகை உள்ளேயே உக்கும். கச்சான் காற்றில் இரண்டு கிழமை காயவிட்டேன். சிலிக்கனை முழுக்கச் சுரண்டி (அதன்மேல் எபொக்சிப் பிசின் ஒட்டாது), 25 மில்லிமீற்றர் துளையை 32 ஆக்கி, மரம் குடிக்கும்வரை மெல்லிய எபொக்சி தடவி, தடிப்பாகக் குழைத்த எபொக்சியால் துளையை நிரப்பினேன். மறுநாள் அதன் நடுவில் 25இல் துளை. இனிக் குழாய் மரத்தைத் தொடாது. போல்ட் துளைகளுக்கும் இதே வேலை.

கடைசியில் பொலியூறித்தேன் பசை. முதலில் மெல்ல இறுக்கி, காய்ந்தபின் கால் சுற்று. எடுத்த எடுப்பில் முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கிவிடும். இப்போது சொட்டுக்கூட இல்லை, அப்பாடா.