ஆடாதோடைச் சாற்றை ஆஸ்துமாவுக்குச் சோதிக்கும் முறை

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலியோரம் வளரும் ஆடாதோடையின் இலையை, இளைப்பு வந்தவர்களுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரையும் இந்த இலையிலுள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டை, அதாவது தாவர வேதிப்பொருளை, அடியொற்றி உருவானதே. எனவே இதை முறையாகச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்குச் சில வழிமுறைகளைக் கூறுகிறேன்.

முதலில் பூவோடு கூடிய கிளையொன்றை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, எண்ணிட்டுப் பாதுகாக்க வேண்டும். இலைகளை மொட்டைமாடி வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். காற்றுபட்டால் வாசிசின் மெல்ல வாசிசினோனாக மாறிவிடும் என்பதால், சாறு வடிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டின் அளவையும், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் கணக்கிட்டுக் குறித்துவையுங்கள்.

அடுத்து, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் எலிகளில் நச்சுத்தன்மையையும், ஹிஸ்டமின் புகையால் மூச்சுக்குழல் சுருங்கும் கினிப்பன்றிகளில் பயனையும் பார்க்க வேண்டும்.

மனிதர்களிடம் செல்லும்போதுதான் பொறுப்பு கூடுகிறது. உரிய மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்று, முதல் நபரைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவுசெய்ய வேண்டும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. ஆகவே கருவுற்ற பெண்களைச் சேர்க்கக் கூடாது. சாறு பெறுபவரோ பெறாதவரோ, எவருடைய ஸ்டீராய்டு இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாது. கஷாயத்தை நம்பி இன்ஹேலரை விட்டுவிட்டு, நள்ளிரவில் ஒரு வாக்கியத்தைக் கூட முழுதாகப் பேச இயலாமல் வந்த இளைஞர் ஒருவரை நேரில் கண்டவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குத் தரும், சாறு கலவாத வெற்று மருந்தைத் தயாரிப்பதில் மிகுந்த கவனம் தேவை. ஆடு தொடாத இலை என்பதாலேயே இப்பெயர் வந்தது என்பார்கள். அத்தனை கசப்பு, அத்துடன் தனி வாடை. சாற்றுப் பொடியை ஒளி ஊடுருவாத கேப்ஸ்யூலில் அடைத்தாலும், ஒரு வாரம் மூடிவைத்த புட்டியைத் திறந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் ஆய்வில் சேராத சிலரிடம் இருவகைப் புட்டிகளையும் முகரக் கொடுத்து, அவர்களால் பிரித்தறிய முடியவில்லை என்று தெரிந்த பிறகே வழங்கத் தொடங்குங்கள்.

மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுத்தபின், முதல் ஒரு நொடியில் ஊதும் காற்று 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடுகிறவர்களையே சேர்ப்பது நல்லது. அதிகாலையில் மூச்சுக்குழல் இறுகுவது ஆஸ்துமாவின் இயல்பு. ஆதலால் ஒவ்வொரு வருகையிலும் ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டர் சோதனையை நாளின் அதே நேரத்தில் செய்யுங்கள். மூன்று முறை சரியாக ஊதச் செய்து, சிறந்த இரண்டு அளவுகளுக்கிடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு இல்லாததை உறுதிசெய்யுங்கள். சோதனைக்கு 4 மணி நேரம் முன்பிருந்து சால்பியூட்டமாலைத் தவிர்க்கச் சொல்லும்போதே, இளைப்பு வந்தால் தயங்காமல் இழுத்துக்கொள்ளலாம், சோதனையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம் என்பதையும் எழுத்தில் தந்துவிடுங்கள்.

யாருக்கு எது தரப்பட்டது என்பதை மறைத்துவைத்த குறியீட்டைத் திறந்து கணக்கிட்டபின், பயன் இல்லையென்று வந்தாலும் முடிவைப் பதிவேட்டில் ஏற்றி, பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அவர் உண்டது சாறா, வெற்றுப் பொடியா என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.