ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு இடம் பார்ப்பது எப்படி?

இன்ஸ்டாகிராமில் பார்த்த படத்தைக் காட்டி, "இதே இடம் வேண்டும்" என்று கேட்கும் ஜோடிகள்தான் அதிகம். அது எந்த மாதம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. அதே இடத்தில் காலை 11 மணிக்குப் போய் நின்றால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழலும் நெற்றியில் வெள்ளைத் திட்டும்தான் மிஞ்சும். இடத்தை முடிவு செய்யும்போதே நேரத்தையும் முடிவு செய்துவிடுங்கள்.

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக மேலேறும். உதயமாகி 40, 45 நிமிடத்தில் இளவெயில் போய்விடும். சென்னையில் ஜூனில் 5.45 மணிக்கே விடிந்துவிடும், ஜனவரியில் 6.30 ஆகும். மேக்கப்புக்கும் பட்டுப்புடவைக்கும் இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்பதால், கோடையில் காலை ஷூட் என்றால் மணப்பெண் 3 மணிக்கே எழ வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் மாலையே நல்லது.

கடற்கரை கேட்பவர்கள் திசையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் ஜோடியின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். நிழலுருவப் படத்துக்கு அது அருமை. முகம் தெரிய வேண்டுமானால் ரிஃப்ளெக்டரோ (வெயிலை முகத்தில் திருப்பிவிடும் பலகை) ஃப்ளாஷோ இல்லாமல் முடியாது. மாலையில் வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் விழும், கடலும் நல்ல நீலமாக வரும். கரையோரம் சவுக்குத் தோப்பு இருந்தால் அது தாழ்ந்த வெயிலை முன்கூட்டியே மறைத்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். சூரியன் மறைந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கு வானம் கடலுக்கு மேலே இளஞ்சிவப்பாக மாறும். பத்து நிமிடம் போல இருக்கும் அந்த வெளிச்சத்தில் எல்லா நிறத் தோலும் அழகாக வரும். சூரியன் கடலுக்குள் இறங்கும் படம்தான் வேண்டுமென்றால் இந்தக் கரையில் கிடைக்காது, கேரளத்தின் வர்க்கலா போன்ற மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும்.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரம் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள நல்ல இடம். டூமா வீதி மாதிரி கடலுக்கு இணையாக, வடக்கு தெற்காகப் போகும் வீதிகளில் காலையில் கிழக்குப் பக்கச் சுவரோரம் நிழலாக இருக்கும். ஜோடியை அங்கே நிறுத்தினால் எதிர்ச் சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து முகத்தில் மெதுவாக விழும். குறுக்கு வீதிகளில் உதயத்துக்குப் பிறகு வெயில் கடல் பக்கமிருந்து நேராகப் பாயும். தலைமுடி ஓரம் பளிச்சென்று வரும். ஒரு எச்சரிக்கை: மஞ்சள் சுவரை ஒட்டி நின்றால் கன்னத்திலும் வெள்ளைச் சட்டையிலும் மஞ்சள் ஏறும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்க வையுங்கள். வார நாட்களில் காலை 8 மணிக்குள் முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு சுவரோரமெல்லாம் பைக்குகள்.

நடுப்பகல்தான் கிடைக்கிறது என்றால் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டை மணிக்கணக்கில் வாடகைக்குப் பேசுங்கள். முற்றத்தின் நடுவில் நிற்காமல், சுற்றியுள்ள தூண்களுக்கு உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். உடை மாற்ற அறை உண்டா, வாடகையில் அது சேர்த்தியா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இடத்தின் நீளத்தையும் அளந்து பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 85 எம்எம் லென்ஸ் போட்டு இருவரையும் தலை முதல் கால் வரை எடுக்க 5, 6 மீட்டர் பின்னால் போக வேண்டும். அதற்கு இடமில்லாத தாழ்வாரத்துக்கு, கிட்ட நின்றே அகலமாக எடுக்கும் 35 எம்எம் லென்ஸ் எடுத்துப் போங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். அடர்ந்த மரங்களுக்குள் இலைப்பச்சை முகத்தில் ஏறும். உள்ளே போகாமல் தோப்பின் விளிம்பில் நில்லுங்கள். மலை மறைப்பதால் பள்ளத்தாக்கில் அந்தி சீக்கிரம் வந்துவிடும், இணையத்தில் பார்த்த அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள்.

மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்து எடுக்கும் கேமரா வேறு. ட்ரைபாட், லைட், உடை மாற்றிச் செய்யும் ஷூட் வேறு. பின்னதற்கு முன் அனுமதி இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கோயில் பிராகாரத்துக்கு ஆலய அலுவலகத்தில் கேளுங்கள். ட்ரோனுக்கு, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பில் என்ன மண்டலம் என்று பாருங்கள்.

முடிவு செய்வதற்கு முன், ஷூட் நடக்கப்போகும் அதே நேரத்தில் ஒரு தடவை நேரில் போய்வாருங்கள். கூட ஒருவரை நிறுத்தி, நான்கு திசையிலும் போனில் படம் எடுங்கள். பின்னணியில் கரண்ட் கம்பி, குப்பைத்தொட்டி, செல்போன் டவர் வருகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பட்டுப்புடவையோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், கழிப்பறை எங்கே என்பதும் முக்கியம். களைத்துப்போன முகத்தை எந்த லென்ஸும் சரிசெய்யாது. ஒரே மாலையில் இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள், பயணத்திலேயே வெளிச்சம் போய்விடும்.

கடற்கரைக்கு ஏசி காரில் போனால் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டால் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும், அது போவதற்குள் நல்ல வெளிச்சம் முடிந்துவிடும்.