பிள்ளைக்குப் பல்லில் கிளிப் போடவேண்டுமா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு இங்கிலாந்தில் வந்து இறங்கியவர்கள் வீடு, பள்ளிக்கூடம், ஜி.பி. (குடும்ப டாக்டர்) என்று அலைகிற அலைச்சலில் பல்லைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். ஜி.பி.யிடம் பதிந்தால் பல் டாக்டரும் கூடவே வந்துவிடுவார் என்று நினைக்கவேண்டாம், அது தனி வேலை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் பல் வைத்தியம் இலவசம். ஆனால் இடம் கிடைப்பதுதான் பாடு. நீங்கள் குடியிருக்கும் வட்டாரத்தில்தான் பார்க்கவேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. பக்கத்து ஊர்களுக்கும் போன் போடுங்கள். பெரியவர்களுக்கு இடமில்லை என்று கைவிரிக்கும் சில கிளினிக்குகள் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். "பிள்ளைக்கு இடம் இருக்கிறதா?" என்று தனியாகக் கேளுங்கள்.

ஊரில் கையில் காசும் பிள்ளைக்கு ஆசையும் இருந்தால் கிளிப் போட்டுவிடலாம். இங்கே என்.எச்.எஸ். செலவில் போட, ஸ்கேலை வைத்து அளப்பார்கள். பல் டாக்டர் சீட்டு எழுதி, பல்வரிசையைச் சீராக்கும் நிபுணரான ஆர்த்தோடான்டிஸ்டிடம் அனுப்புவார். அவர், சிகிச்சை எவ்வளவு தேவை என்று காட்டும் ஐ.ஓ.டி.என். என்ற அளவுகோலில் 1 முதல் 5 வரை ஒரு தரம் போடுவார். 4, 5 என்றால் இலவசம். 3 என்றால் பத்துப் படங்கள் கொண்ட வரிசையோடு பல்லை ஒப்பிட்டுப் பார்த்து, ஆறாவது படம் அளவுக்கோ அதைவிட மோசமாகவோ இருந்தால்தான் உண்டு. 1, 2 கிடையாது. அதனால் லேசான தெத்துப்பல்லுக்காக என்.எச்.எஸ்ஸை நம்பிக் காத்திருக்கவேண்டாம். வெளியே தனியாரிடம் போட்டால் சில ஆயிரம் பவுண்டு ஆகும்.

எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். "பல்லைக் காட்டு" என்றால் பிள்ளைகள் தாடையை முன்னே தள்ளி நுனியோடு நுனி வைத்துச் சிரிப்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. நாக்கு நுனியை அண்ணத்தின் பின்பக்கம் மடித்து வைத்து, எச்சிலை விழுங்கி, கடைவாயால் கடிக்கச் சொல்லுங்கள். இப்போது கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். டப்பாவும் மூடியும் போல, மேல்வரிசை சுற்றிலும் கீழ்வரிசைக்குச் சற்று வெளியே உட்காரவேண்டும். பின்னால் ஏதாவது மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்திருக்கிறதா, வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக நழுவுகிறதா என்று கவனியுங்கள். பிறகு முன்னால். மேல் வெட்டுப்பல் கீழ்ப்பல்லைவிட 2, 3 மி.மீ. முன்னால் நிற்பது இயல்பு. 6 மி.மீ. தாண்டினால் தரம் 4, 9 மி.மீ. தாண்டினால் 5. எத்துப்பல் கேலிக்கு மட்டும் ஆளாவதில்லை. கீழே விழுந்தாலோ பந்து பட்டாலோ முதலில் உடைவது அதுதான். மேல்பல் கீழ்ப்பல்லை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைக்கவேண்டும். முழுக்க மறைத்து, கீழ்ப்பல் அண்ணத்தில் குத்திப் புண்ணாக்கினால் அதுவும் 4.

அப்புறம் கோரைப்பல். ஊரில் சிங்கப்பல்லை அழகு என்று கொண்டாடுவோம், அது இருக்கட்டும். மேல் கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வெளியே வரவேண்டும். பத்து வயதிலேயே பால்பல்லுக்கு மேலே ஈற்றைத் தடவினால் ஒரு புடைப்பு தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்புக்குள் படுத்துக்கொண்ட கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரையே கரைத்துவிடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் சில பிள்ளைகளுக்குப் பால்பல்லைப் பிடுங்கியதுமே அது வழிக்கு வந்துவிடுகிறது.

கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு ட்வின் பிளாக் என்று கழற்றி மாட்டும் சாதனம் தருவார்கள். அது பலன் தருவது உயரம் சரசரவென்று கூடும் காலத்தில்தான். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காலம் முன்பே வந்துவிடும். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போட்டால் வாய்ப்பு போய்விடும். காத்திருப்போர் பட்டியலும் நீளம். பதினாறு, பதினேழு வயதில் வந்த பிள்ளையென்றால் இந்த வாரமே போன் போடுங்கள். 18 ஆகிவிட்டால் இலவச வாசல் பெரும்பாலும் மூடிவிடும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ கிளிப் போட்டு, பாதி சிகிச்சையில் பிள்ளையைக் கூட்டி வருகிறீர்களா? கிளம்பும் முன் பழைய டாக்டரிடம் ஆரம்பத்தில் எடுத்த படங்கள், எக்ஸ்ரே, பல் அச்சு, சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். தொடங்கும்போது பல் எப்படி இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் என்.எச்.எஸ்ஸில் தொடர்வது கடினம். நேரான பல்லை வைத்துக்கொண்டு தரம் 4 என்று எப்படி நிரூபிப்பது?

சொத்தையும் ஈற்றில் ரத்தமுமாகப் போனால் கிளிப் போடமாட்டார்கள், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச்சொல்வார்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், காசு கிடையாது. தன் வாயைப் பற்றி டாக்டர் சொல்வதைப் பிள்ளையே மொழிபெயர்க்கும் நிலை நல்லதில்லை.

கிளிப் பொதுவாக ஒன்றரை, இரண்டு வருடம் இருக்கும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை போகவேண்டும். பள்ளி நேரத்தில்தான் பெரும்பாலும் நேரம் தருவார்கள், அந்தக் கடிதத்தைப் பள்ளியில் காட்டினால் போதும். சொல்லாமல் போகாமல் விட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடக்கூடும். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய் மூட்டை கட்டவேண்டியதுதான். பல்லில் மாட்டும் வெள்ளை ரப்பர் வளையம் மஞ்சள் போட்ட குழம்பில் ஒரே நாளில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறமோ கருநீலமோ கேட்டு வாங்குங்கள்.

கழற்றியபின், பல்லை அதே இடத்தில் பிடித்து நிறுத்தும் ரிட்டெய்னர் தருவார்கள். இரவில் மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடக்க ஆரம்பிக்கும். பிள்ளைகள் அதை டிஷ்யூவில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்து, தட்டோடு குப்பையில் கொட்டிவிட்டு வருவார்கள். புதிதாகச் செய்ய உங்கள் கைக்காசுதான் போகும். டப்பாவை எப்போதும் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.